அழகுபாண்டி வாசித்த ஏழாம் பாகம்

அழகுபாண்டி சபதம் எடுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் நாகஜோதி டீச்சரின் முப்பத்தோரு இதயங்களையும் முந்தியாக வேண்டும்.

இதயம் என்றால் வாட்ஸப்பில் விழும் சிவப்பு இதயம். 'விண்மீன் வாசகர் வட்டம்' என்ற குழுவுக்கு அழகுபாண்டிதான் அட்மின். நாற்பத்திரண்டு பேர், எல்லாரும் ஒத்தக்கடையைச் சுற்றி இருப்பவர்கள். அங்கே அறிவியல் புனைகதை தவிர வேறு பேச்சுக் கூடாது. காலை வணக்கம் போட்டால்கூட அது செவ்வாய்க் கிரகத்துக் காலையாக இருக்க வேண்டும். எதை வாசிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று அழகுபாண்டி சொன்னால் சொன்னதுதான். கல்லூரி ஒன்றில் இயற்பியல் லேப் அசிஸ்டண்டாக இருபத்தோரு வருடமாக வேலை பார்க்கிறவர். விஞ்ஞானத்தைத் தினமும் துடைத்து அலமாரியில் வைக்கிறவர். அவரை விட்டால் வேறு யார் சொல்வது?

நேற்று வரைக்கும் அப்படித்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்த நாகஜோதி டீச்சர், நிலாவில் கிணறு வெட்டப் போன குடும்பத்தைப் பற்றி ஒரு நாவலைப் பரிந்துரைத்தார். எழுபத்தாறே பக்கம். அதற்கு முப்பத்தோரு இதயம்! அழகுபாண்டியின் அதிகபட்சமே பத்தொன்பதுதான்.

அவர் கைப்பேசியை எடுத்தார். கட்டைவிரல்கள் பறந்தன.

"நண்பர்களே, எழுபத்தாறு பக்கமெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மெய்யான வாசகன் வாசிக்க வேண்டியது 'வியாழனுக்கு ஒரு கப்பல்'. ஏழு பாகங்களில் விரியும் விண்வெளிப் பெருங்கதை. ஏழையும் இரண்டு தடவை வாசித்தவன் சொல்கிறேன்."

அவர் இரண்டு தடவை வாசித்தது முதல் பாகத்தின் பின்னட்டையைத்தான். 'ஏழு பாகங்களில் விரியும் விண்வெளிப் பெருங்கதை' என்று அதில்தான் போட்டிருந்தது. முதல் பாகத்தை ஒரு தடவை முழுசாக வாசித்திருந்தார். மற்ற பாகங்களின் அட்டை என்ன நிறம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

பொழுது சாய்ந்தபோது முப்பத்துநான்கு இதயங்கள். அழகுபாண்டி மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் வினை வந்தது. டியூஷன் சென்டர் வைத்திருக்கும் சிவபாண்டி குழுவில் எழுதியிருந்தார்: "அண்ணன் சொன்னாரேன்னு இதுவரைக்கும் இருபத்துமூணு பேர் வாசிக்க ஆரம்பிச்சிட்டோம். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம சென்டர் மாடியில கூட்டம். ஏழு பாகத்தையும் பத்தி அண்ணன் ஒரு மணி நேரம் பேசுறாரு."

அதற்கு நாகஜோதி டீச்சர் ஒரு கட்டைவிரலை மட்டும் உயர்த்தியிருந்தார். அழகுபாண்டிக்கு அந்தக் கட்டைவிரல் தன் கண்ணைக் குத்த வருவதுபோல இருந்தது.

ஒன்பது நாள்தான் இருக்கிறது. புத்தகமும் கையில் இல்லை. என்ன செய்வது என்று வீட்டுக்குள் நடந்தவரின் கால், மனைவி முனீஸ்வரியின் சாப்பாட்டுப் பையில் இடறியது. பை சாய்ந்தது. டிபன் பாக்ஸ் உருண்டது. கூடவே ஒரு தடிப் புத்தகமும் விழுந்தது.

வியாழனுக்கு ஒரு கப்பல். நான்காம் பாகம்.

"முனீஸ்! இது என்ன?"

"புத்தகம்."

"அது தெரியுது. உன் பையில என்ன பண்ணுது?"

"வேன்ல வாசிக்கிறேங்க. கூட வேன்ல வர்ற பாண்டிமீனாகிட்ட இரவல் வாங்குனது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சும்மாவா உக்காந்திருக்க?"

முனீஸ்வரி கப்பலூரில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் வேனில் தூங்கிக்கொண்டு போவதாகத்தான் இத்தனை நாளும் அழகுபாண்டி நினைத்திருந்தார்.

"இது உனக்குப் புரியுதா? ஒளி வேகம், கால விரிவு, அம்புட்டும் வருமே?"

"கப்பலூர்க்காரிக்குக் கப்பல் கதை புரியாதாக்கும்?"

"எதுவரைக்கும் வாசிச்ச?"

"எல்லாம் முடிச்சாச்சு. இது ரெண்டாவது தடவை."

அழகுபாண்டியின் நெஞ்சுக்குள் ராக்கெட் கிளம்பியது. தெய்வம் கதையைக் கொண்டுவந்து அடுப்படியிலேயே வைத்திருக்கிறது! ஆனால், எனக்குத் தெரியாது, சொல்லு என்று கேட்டால் கௌரவம் என்னாவது? கேட்காத மாதிரி கேட்க வேண்டும். அதற்கும் அவரிடம் யோசனை இருந்தது.

"நான் எல்லாத்தையும் வாசிச்சவன். நீ ஒழுங்கா வாசிச்சியான்னு ஒரு சின்ன டெஸ்ட் வைப்போமா? ரெண்டாம் பாகத்துல என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்."

முனீஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லலாம். ஆனா ஒட்டடை அடிக்கணுமே. கையில வேலை இருந்தா எனக்குக் கதை கோவையா வராது."

"குடு அந்தக் கம்பை!"

அன்று அந்த வீட்டில் பல சிலந்திகள் குடும்பத்தோடு புலம்பெயர்ந்தன. கீழே நாற்காலியில் உட்கார்ந்து முனீஸ்வரி இரண்டாம் பாகத்தைச் சொன்னாள். கப்பல் புறப்பட்டதும் கேப்டன் இளஞ்சேரனுக்கும் கப்பலின் கணினிக்கும் சண்டை வந்ததையும், கணினி மூன்று மாதம் பேசாமல் இருந்ததையும் சொன்னாள். அழகுபாண்டி தும்மிக்கொண்டே மனதில் குறித்துக்கொண்டார். பத்து வருடம் ஒட்டடைக் கம்பைத் தொடாத மனிதர். 'வாசிக்கணும், தொந்தரவு பண்ணாத' என்று சொல்லியே தப்பித்து வந்தவர்.

மூன்றாம் பாகத்துக்கு மின்விசிறிகள் துடைக்கப்பட்டன. நான்காம் பாகத்துக்கு மாடித் தண்ணீர்த் தொட்டி. அவர் தொட்டிக்குள் இறங்கித் தேய்க்க, முனீஸ்வரி மேலே குடை பிடித்து நின்று மூடி வழியாகக் கதையை ஊற்றினாள். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த ராக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, தொட்டிக்குள்ள?"

"வியாழனுக்குப் போயிக்கிட்டிருக்கேங்க்கா!" குரல் தொட்டிக்குள் கணீரென்று முழங்கியது.

"வாற வியாழனா? நல்லபடியாப் போயிட்டு வாங்க. சனிக்குள்ள வந்துருவீகள்ல?"

"சனி அதுக்கும் அங்கிட்டுக்கா!"

"அது தெரியும் தம்பி. வெள்ளிக்கு அங்கிட்டுத்தான சனி?"

ஐந்தாம் பாகத்துக்குத் திரைச்சீலைகள் துவைக்கப்பட்டன. ஆறாம் பாகத்துக்குப் பரண். பரணில் இருந்த உடைந்த குக்கர்களையும் பழைய பாயையும் இறக்கும்போது கப்பல் வியாழனின் புயலுக்குள் மாட்டிக்கொண்டது. அழகுபாண்டி ஒரு கையில் குக்கரோடு ஏணியில் நின்றபடியே, "ஐயோ, அப்புறம்?" என்று கேட்டுவிட்டார்.

"என்னங்க, நீங்க வாசிச்சதுதான?"

"வாசிச்சதுதான். நீ சொல்றப்ப ஒரு பதட்டம் வருது."

தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே வியப்பாக இருந்தது. ஐந்து பாகம்! ஒரு பக்கம் புரட்டவில்லை, ஒரு சந்தேகமும் வரவில்லை. படித்த பெண்ணைப் பேச வைப்பது ஒரு கலை.

சனிக்கிழமை மத்தியானம் முனீஸ்வரி வடகத்துக்காக மூன்று கிலோ சின்ன வெங்காயத்தைக் கூடத்தில் கொட்டினாள். அழகுபாண்டி தானாகவே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ம், ஏழாவது?"

முனீஸ்வரி வெங்காயத்தை அளைவதை நிறுத்தினாள்.

"ஏழாவதா? ஏழாவதை நீங்க வாசிச்சிருக்கீங்களா?"

"ரெண்டு தடவை."

"நெசமா?"

"அதுதான் ஏழுலயும் எனக்குப் பிடிச்சது. நீ எப்படிச் சொல்றேன்னு பாப்போம்."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கத்தியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப சரி. கேளுங்க."

ஏழாம் பாகம் மற்ற ஆறையும் தூக்கிச் சாப்பிட்டது. கேப்டன் இளஞ்சேரன் பூமிக்குத் திரும்புகிறான். அவனுக்கு நாலு வருடம்தான் ஆகியிருக்கிறது. பூமியில் நாற்பது வருடம் ஓடிவிட்டது. மனைவிக்குத் தலை நரைத்திருக்கிறது. அவள் ஒரு அறைக் கதவைத் திறந்து காட்டுகிறாள். உள்ளே பெரிய சுக்கான். கப்பலை நாற்பது வருடமும் பூமியிலிருந்து ஓட்டியவள் அவள்தான்! விண்வெளியில் கேப்டன் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்த சுக்கானுக்கு இணைப்பே கிடையாது.

அழகுபாண்டியின் கண்களில் தாரை தாரையாகக் கண்ணீர். பாதி வெங்காயம், பாதி கதை. ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் கேட்டு வந்த ராக்கம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி முனீசு, அழகுபாண்டியை அழுகைப்பாண்டி ஆக்கிட்ட?"

"கதை கேக்குறாருக்கா" என்றாள் முனீஸ்வரி.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. டியூஷன் சென்டர் மாடியில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். புருசனுக்கு விழப்போகும் கைதட்டை நேரில் பார்க்கட்டும் என்று முனீஸ்வரியையும் அழகுபாண்டியே கூட்டி வந்திருந்தார். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

அழகுபாண்டி மைக்கைப் பிடித்தார். ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. இரண்டாம் பாகத்துக் கணினியின் கோபத்தைச் சொன்னபோது சிரிப்பு. ஆறாம் பாகத்துப் புயலைச் சொன்னபோது, "அண்ணன் கரைச்சுக் குடிச்சிருக்காரு" என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்துக்காரரிடம் சொன்னது மைக்கிலேயே கேட்டது. நாகஜோதி டீச்சர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு தலையாட்டலுக்கு ஒரு கட்டைவிரல் சரியாய்ப் போயிற்று என்று அழகுபாண்டி கணக்குத் தீர்த்துக்கொண்டார்.

"இப்ப ஏழாம் பாகம். இதுதான் நண்பர்களே, உச்சம்!"

மாடி அமைதியானது. சிவபாண்டி வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜியைப் பாதியில் நிறுத்தினார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆகா, கதை அப்படிப் பிடித்து இழுக்கிறது என்று அழகுபாண்டி இன்னும் உருகினார். சுக்கான் அறைக் கதவைக் கையாலேயே திறந்து காட்டினார். நரைத்த தலையைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. முடித்துவிட்டுக் கைதட்டுக்காகக் காத்து நின்றார்.

கைதட்டு வரவில்லை. நாகஜோதி டீச்சர் எழுந்தார்.

"அண்ணே, ஏழாம் பாகம் எங்க வாங்குனீங்க?"

"சென்னையில. ஒரு நண்பர் மூலமா."

"எப்ப?"

"ஆச்சு, ரெண்டு வருசம். என்கிட்ட இருக்கிறது பழைய பதிப்பு."

"பழைய பதிப்பா? ஏழாவது இன்னும் வரவே இல்லையேண்ணே. எழுதி முடிக்க இன்னும் ஒரு வருசம் ஆகும்னு எழுதுறவரே முந்தாநாள் போட்டிருக்காரு. கடையில ஆறுதான் இருந்துச்சு. நீங்க ஏழுன்னு எழுதியிருந்தீங்க, சரி, நேர்ல கேட்டுக்கலாம்னுதான் பேசாம இருந்தோம்."

அழகுபாண்டிக்கு மாடி சுற்றியது. பூமி சுற்றுகிறது என்பதை இத்தனை வருடம் லேப்பில் கேட்டிருக்கிறார். அன்றுதான் காலுக்கடியில் உணர்ந்தார். அவர் கண்கள் கடைசி வரிசைக்குப் போயின.

முனீஸ்வரி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"சென்னையில வாங்குனது மத்த ஆறும். ஏழாவது ஊகம்ங்க. ஆறையும் வாசிச்சவுகளுக்கு ஏழாவது இப்படித்தான் முடியும்னு ஒரு ஊகம் வரும்ல? வேன்ல நாங்க அப்படித்தான் ஆளுக்கொரு முடிவு சொல்லிப் பாப்போம். அதை முதல்லயே சொல்லணும்னு இவுக நினைச்சிருந்தாக. பேச்சு வேகத்துல விட்டுட்டாக."

அப்பாடா! கைதட்டு எழுந்தது. ஊகம் என்று தெரிந்ததும் கதை எல்லாருக்கும் பிடித்துப்போனது. "சுக்கானுக்கு இணைப்பே கிடையாதாமே!" என்று பெண்கள் வரிசையில் சிரிப்பு அடங்கவே இல்லை. அழகுபாண்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம், ஊகம்தான் என்று கும்பிட்டார்.

"அக்கா, நீங்களும் ஆறும் வாசிச்சிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"ரெண்டு தடவை. புதுசா வாசிக்கிறவுக முதல் பாகத்துல ஆரம்பிக்க வேணாம். எஞ்சினைப் பத்தியே நூறு பக்கம் வரும், சடைச்சுப் போயிரும். மூணுல ஆரம்பிங்க, அது தனிக்கதை மாதிரி நிக்கும். பிடிச்சா அப்புறம் முதல் ரெண்டுக்கும் போங்க. அஞ்சை மட்டும் மனசு கனமா இருக்கிற நேரம் எடுக்காதீங்க. நேரமே இல்லாதவுகளுக்கு டீச்சர் சொன்ன அந்த நிலாக் கிணறு போதும். அம்புட்டு அழகா எழுதியிருக்கு."

பேனாக்கள் வெளியே வந்தன. மூன்றா, ஐந்தா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சிவபாண்டி அழகுபாண்டியின் கையிலிருந்த மைக்கை மெதுவாக உருவி, வரிசை வரிசையாகக் கடத்திப் பின்னால் அனுப்பினார். கூட்டம் கலையும்போது ஒரு முடிவும் ஆகியிருந்தது. இனி மாதாமாதம் பரிந்துரைப் பட்டியல் போடுவது முனீஸ்வரி அக்கா. நாற்காலிகளை அடுக்குவது அழகுபாண்டி அண்ணன்.

வீடு திரும்பும் வழியில் பைக் யானைமலையைத் தாண்டியது. அழகுபாண்டி வேகத்தைக் குறைத்தார்.

"ஏழாவது வரலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை வாசிச்சேன்னு சொன்னீங்க. புருசன் பேச்சை நம்பாம இருக்க முடியுமா?"

"அது கெடக்கட்டும். மூணு கிலோ வெங்காயம் உரிக்கிறதுக்குள்ள ஒரு தடுமாத்தம் இல்லாம அம்புட்டுக் கதையையும் கட்டிவிட்டியே. இந்த அறிவியல் புனைகதையெல்லாம் எங்க முனீஸ் கத்துக்கிட்ட?"

"அறிவியல் வேன்ல வாசிச்சதுங்க. புனைகதை, பதினெட்டு வருசமா நீங்க லேட்டா வர்றப்பெல்லாம் வாசல்ல நின்னு சொன்னது."