நாங்க பறந்தப்போ

ஒருமையில் பேசத் தெரியாத ஓர் இனம் உலகத்தில் உண்டு. "நாங்க அந்தப் பாலம் கட்டினப்போ" என்று தொடங்குவார் ஒருவர். விசாரித்தால், பாலம் கட்டியவர்களுக்கு டீ கொண்டுபோனவராக இருப்பார். "நாங்க அந்த ஆபரேஷன் பண்ணினப்போ" என்பார் இன்னொருவர். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதிக் கொடுத்தவர். பொய் என்று சொல்லிவிட முடியாது. தமிழ் செய்து கொடுத்திருக்கும் வசதி அப்படி. 'நாம்' என்றால் கேட்கிற உங்களையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். 'நாங்கள்' என்றால் உங்களை வெளியே நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உள்ளே அவர் எந்த மூலையில் நின்றார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியவா போகிறது?

நம்மவரை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் அடுக்குமாடியில் அவருக்கு ஹெலிகாப்டர்காரர் என்று பெயர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பெரிய காற்றாடிகளோடு, பறக்கும் பேருந்து மாதிரி ராணுவத்தில் ஒரு சரக்கு ஹெலிகாப்டர் இருந்ததே, அதில் அவருக்கு வேலை. போரின்போது, நாலு பக்கமும் சுட்டுக்கொண்டிருக்க, அது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கி, காயம்பட்டவர்களையும் பிள்ளைகுட்டிக்காரர்களையும் அள்ளிக்கொண்டு கிளம்பியது. அந்தக் கதையைக் கேட்காமல் அந்தக் கட்டடத்தில் யாரும் குடியேற முடியாது. "நாங்க பறந்தப்போ, பின்கதவுல நான் நிக்கறேன்..." என்று ஆரம்பித்தால் லிப்ட் மூன்று முறை போய்த் திரும்பும்.

கல்யாணமான புதிதில் அந்த ஹெலிகாப்டரில் ஏறியவர்கள் எழுபது பேர். மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் தொண்ணூறு. மருமகள் வந்த வருஷம் நூற்றுப்பன்னிரண்டு. வண்டி கிளம்பி முப்பத்தைந்து வருஷம் ஆகியும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

உண்மை என்ன? நம்மவர் பறக்கவில்லை. கீழே நின்றவர். இரண்டு கையிலும் ஆரஞ்சு மட்டையைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் ஹெலிகாப்டருக்கு முன்னால் நின்று, வா, இடது, வலது, நில் என்று சைகை காட்டுபவர். அந்த ஹெலிகாப்டருக்குள் அவர் அடிக்கடி ஏறியிருக்கிறார், தரையைத் துடைக்க. மைதானத்தில் அன்றைக்கும் மட்டை காட்டி இறக்கியவர் அவர்தான். வண்டி நிரம்பிவிட்டது, அவருக்கு இடமில்லை. கதவு மூடியது, புழுதி கிளம்பியது, எல்லோரும் போனார்கள். அவர் ஒன்பது நாள் கழித்து ஒரு லாரியில், உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். விட்டுவிட்டுப் போகப்பட்டவன் என்று சொல்லிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஏறிவிட்டார், பேச்சில்.

வாய் மறைத்தாலும் கை விடுமா? எங்கே எந்த வண்டி பின்னோக்கி வந்தாலும் நம்மவரின் இரண்டு கைகளும் தானாக மேலே போகும். தண்ணீர் லாரி, பள்ளி வேன், மருமகளின் ஸ்கூட்டர் எதுவானாலும் சரி. "வரட்டும், வரட்டும்... இடது... நில்!" குடியிருப்புக்காரர்கள் இதை அதிகாரியின் மிடுக்கு என்று நினைத்தார்கள். விஷயம் தெரிந்தவர் மனைவி ஒருவர்தான். அவரும் முப்பத்தைந்து வருஷமாக, கதை பின்கதவுக்கு வரும்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் நாற்பத்தோரு வருஷம் உழைத்த அந்த ஹெலிகாப்டரை ஓய்வுக்கு அனுப்பி அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். அந்த அருங்காட்சியகத்தில் அறிவிப்புப் பலகைகள் எழுதுவது மருமகளின் வேலை.

"மாமா, அன்னைக்குப் பறந்த குழுவுல மூணு பேர் கிடைச்சுட்டாங்க. பின்கதவுல நின்னவர் பேர் மட்டும் யாருக்கும் தெரியல. நான் உங்க பேரைப் போட்டுட்டேன்!"

நம்மவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "எதுக்கும்மா அதெல்லாம்? விளம்பரம் எனக்குப் பிடிக்காது."

"பித்தளைல வெட்டறோம் மாமா. நூறு வருஷம் இருக்கும். நாளைக்கு அதை ஓட்டின கேப்டன் சாரே வந்து சரி பார்க்கறார். நீங்களும் வர்றீங்க."

மருமகள் போனதும் மனைவி தட்டை எடுத்தார். "ஏங்க, பித்தளைல எழுதினா அழிக்க முடியாதுங்க. இப்பவே சொல்லிடுங்க."

"எப்படிடீ சொல்றது? ஆறு வருஷமா கதை கேட்ட பொண்ணு."

"நான் முப்பத்தஞ்சு வருஷமா கேட்கறேன். எனக்கு ஒண்ணும் ஆயிடலையே."

மறுநாள் நம்மவர் ஒரு திட்டத்தோடு போனார். கேப்டனுக்கு எண்பது வயது, கண் மங்கியிருக்கும். கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஓரமாக நின்றால் யார் கண்டுபிடிப்பார்கள்?

கேப்டனின் கார் வாசலில் திரும்பி, பின்னோக்கி வந்தது. நேராகப் பூந்தொட்டி வரிசையை நோக்கி. நம்மவரின் கைகள் பாக்கெட்டுக்குள் துடித்தன. இன்னும் இரண்டு அடி. ஒரு அடி. அவ்வளவுதான், இரண்டு கைகளும் வெளியே வந்து வானத்துக்குப் போய்விட்டன.

"இடது... இடது... நில்!"

கார் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"யோவ், மட்டை! இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "மட்டையா? மாமா, கதவுல நின்னவரை ஏன் மட்டைன்னு கூப்பிடறார்?"

தப்பித்துக்கொள்ள நம்மவருக்குக் குறைந்தது நான்கு பதில்கள் இருந்தன. நான்கையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். எதிலும் வலு இல்லை.

"நான் கதவுல நிக்கலம்மா. ஏறவே இல்ல. நான் கீழே நின்னவன். லாரில வந்தேன்."

மருமகள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். கடைசிப் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தாள். பேனாவின் சத்தம் நம்மவருக்கு நன்றாகவே கேட்டது.

கேப்டன் தடியை ஊன்றி இறங்கினார். "என்னம்மா அடிக்கறே? அன்னைக்கு ஒரே புழுதி. எனக்குத் தரையும் தெரியல, வானமும் தெரியல. இவன் கைல இருந்த ரெண்டு மட்டைதான் தெரிஞ்சுது." நம்மவர் பக்கம் திரும்பினார். "நாம சேர்ந்துதானேய்யா இறக்கினோம்?"

நாம. நம்மவர் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் முறை 'நாங்க' சொல்லியிருக்கிறார்; அந்த ஹெலிகாப்டரைப் பற்றி அவரைப் பார்த்து ஒருவரும் 'நாம' என்று சொன்னதில்லை. கண்ணில் தூசி விழுந்ததுபோல் திரும்பிக்கொண்டார்.

இதைக் கேட்டு உருகிவிட வேண்டாம். அடுத்த நிமிஷமே மருமகள், "சார், எத்தனை பேரை ஏத்தினீங்க?" என்றாள். "எண்பத்தி நாலு," என்றார் கேப்டன், மார்பை நிமிர்த்தி. பதிவேட்டில் இருந்தது அறுபத்தொன்று. அவர் ஹெலிகாப்டரைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "இதுல இன்ஜின் மாத்தியாச்சு, இறக்கை மாத்தியாச்சு, தரை, கதவு எல்லாம் மாத்தியாச்சு. அன்னைக்குப் பறந்ததுல மிச்சம் இந்த நம்பர் மட்டும்தான். அதுவும் மேல பெயின்ட் அடிச்சது." நம்மவர் தலையாட்டினார். பாகம் பாகமாக மாற்றி இத்தனை வருஷம் ஓட்டுவதைப் பற்றி அவருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பலகையில் 'தரையில்' என்று ஒரு புதுத் தலைப்பு வந்தது. அதன்கீழ் ஒரே பெயர். அவருடைய பெயர், பித்தளையில்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் லிப்டில் புதுக் குடித்தனக்காரர் ஒருவர் மாட்டினார்.

"நாங்க தரையில நின்னப்போ, ஒன்பது நாள்..."

காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்ற மனைவி கேட்டார்: "நாங்கன்னா எத்தனை பேருங்க?"

"ரெண்டு மட்டையையும் சேர்த்து மூணு பேர்."

அந்த மனைவி இந்த முறை எங்கும் போகவில்லை. லிப்டில் போக இடமும் இல்லை.

சிரிக்கிறீர்கள். நேற்று டீவி முன்னால் உட்கார்ந்து "ஜெயிச்சுட்டோம்!" என்று துள்ளினீர்களே, எத்தனை கோல் போட்டீர்கள்? ஆபீசில் "நாங்க கஷ்டப்பட்டு உருவாக்கின கம்பெனி" என்கிறீர்களே, உருவானபோது எங்கே நின்றீர்கள்? இந்த இனத்தை 'அவர்கள்' என்று சொல்லித்தான் தொடங்கினேன். எழுத எழுத அது 'நாம்' ஆகிவிட்டது. கையில் மட்டைகூட இல்லாமல் ஒரு போரைப் பற்றி இவ்வளவு எழுதிய எனக்கு வேறு வழியில்லை. நீங்கள் மறுத்துச் சொல்ல வாய் திறப்பது தெரிகிறது.

"நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க!"

எத்தனை பேர்?