வெத்துத்தாள்

நாள் முழுக்கக் கணினிமுன் உட்கார்ந்ததில் அவனுக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை விண்விண்ணென்று தெறித்தது. காலமெல்லாம் மூட்டை சுமந்த அப்பாகூட இப்படி முனகியிருக்க மாட்டார் என்று நினைத்தபடியே அவருக்குப் போன் போட்டான்.

"கடுதாசி வந்துச்சாப்பா?"

"தாள் வந்துச்சு. எழுத்தத்தான் காணோம். நான் சுமந்த மூட்டைக்குள்ள ஏதாச்சும் இருந்துச்சுடா. நீ காத்தக் கட்டி அனுப்புற."

அவன் அலுவலகத்தில் பில்களைக் கோப்பாகச் சேமிப்பதில்லை. நிரல் அவற்றைக் கணினியின் நினைவகத்திலேயே எழுதி, அப்படியே மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிவிடும். அந்த நிரலை எழுதியவன் அவன்தான். பேச நேரமில்லாததால், அப்பாவுக்கும் அதிலேயே வாரம் ஒரு கடிதம் போக வழிசெய்திருந்தான். நலம் விசாரிக்கும் வரிகளை நிரலே மாற்றி மாற்றிக் கோத்துக்கொள்ளும். ஊரில் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகும் கடிதத்தை அப்பா அச்செடுத்து வாங்கிக்கொள்வார்.

தப்பு அகப்பட்டது. கடிதத்தை இணைக்கும்போது, எழுதி முடித்த இடத்திலிருந்தே நிரல் அதை வாசிக்கத் தொடங்கியிருந்தது. அதற்கப்பால் என்ன இருக்கும்? முதல் எழுத்துக்குத் திருப்பிவிட்டான்.

அடுத்த வாரம் கூப்பிட்டான்.

"வெத்துத்தாள்தான்டா. அது கெடக்கட்டும், சாப்ட்டியா?"

எழுத்துருவை மாற்றினான்.

"இப்பவும் வெத்துத்தாள்தான். ஆமா, ஏன் உன் குரல் கம்முது?"

வீம்பு ஏறிவிட்டது. நிரலின் அடிமடியிலேயே கைவைத்தான். மறுநாள் மேனேஜர் அவன் மேசைமுன் வந்து நின்றார்.

"பில்லுக்குப் பதிலா 'கால் வீக்கம் வத்திருச்சா, நேரத்துக்குச் சாப்பிடுங்க'ன்னு எல்லாக் கஸ்டமருக்கும் போயிருக்குய்யா! ஒருத்தர் 'சாப்பிட்டேன் மகனே'ன்னு பதில் வேற போட்டிருக்காரு!"

"எங்கப்பாவுக்குப் போக வேண்டியது சார்..."

"இன்னொரு தடவ இப்படி ஆச்சு, அப்பாகூடவே போயி உக்காந்துக்க."

வேலையே ஆட்டம் கண்டுவிட்டது. அவன் ஜெராக்ஸ் கடைக்கே போன் போட்டான்.

"அக்கா, அப்பாவுக்கு வர்றத நீங்களே திறந்து பாருங்களேன். எல்லாம் வெத்துத்தாளாம்."

மறுமுனையில் அக்கா ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

"முதல் தடவ மட்டுந்தான் தம்பி அப்படி. அப்புறம் எல்லாமே பளிச்சுன்னுதான் வந்துச்சு. 'வெத்துத்தாள்னு சொன்னாத்தான் பய போன் பண்றான், காட்டிக் குடுத்துராதம்மா'ன்னாரு... நேர்ல வர்றேன்னு நீ சொன்னது மட்டும் இன்னும் பாக்கியாம்."