யாகப்பர் நடந்தார், ஊர் அழுதது

அன்பின் மருமகள் செலீனாவுக்கு,

சோழகக் காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி சூசையப்பர் பிடித்து வைத்திருப்பதால் இன்னும் தலைமன்னாரிலேயே இருக்கும் உன் மாமா யாகப்பர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சீனி வருத்தமும் சுகம். அங்கு நீயும் உன் கோபமும் எப்படி?

சீனிக்கு நடைதான் மருந்து என்று சொல்லி, நத்தார்ப் பண்டிகைக்கு முன் இறங்குதுறை வரைக்கும் நடந்து காட்டாவிட்டால் என்னை வத்தளைக்குக் கொண்டுபோய் உன் மூன்றாம் மாடியில் வைத்துவிடுவதாக வெருட்டினாய் அல்லவா? அங்கே காற்றுப் படாத கருவாடாய் ஊசிப்போவேன் என்ற பயத்தில், திங்கட்கிழமை விடியவே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டுடன் படலையைத் திறந்தேன். இந்த ஊரில் நடப்பது லேசா பிள்ளை? மணல் ஒவ்வொரு காலையும் முழங்கால் வரை விழுங்கி, யோசித்துத்தான் திருப்பித் தரும். காற்றோ இரண்டடி வைத்தால் மூன்றடி பின்னே தள்ளி, ஒருமுறை என்னை என் குசினி அடுப்படிக்கே கொண்டுவந்து விட்டது. பஸ்ஸுக்கே ஒதுங்காத கழுதைகள் என்னைக் கண்டு பாவப்பட்டு வழிவிட்டன. என் கால்கள் கதிரைக்கு முன்னால் நீட்டிவைக்க மட்டுமே படைக்கப்பட்டவை என்று நானே நம்பி வீட்டுக்குத் திரும்பப் பார்த்த நேரம், பக்கத்து வீட்டு றோசம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“யாகப்பண்ணை, ஆரின்ரை செத்தவீடு?”

“ஒருதரும் சாகேல்லை. சும்மா நடக்கிறன்.”

“சும்மாவோ! நெருங்கின சொந்தம் போல கிடக்கு, மனுசன் வாய்விட்டுச் சொல்லமாட்டாமல் நிக்குது” என்று கறுப்புச் சேலையும் செபமாலையுமாய்ப் பின்னால் வந்துவிட்டாள்.

நம் ஊரில் வெள்ளை உடுத்து விடியவெள்ளன வெறுங்கையோடு நடப்பவன் வேறெங்கே போவான்? கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த டொமினிக் எழும்பி வந்தான். வஸீர் தேத்தண்ணிக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் தலைமன்னார் முழுவதும், இராமேஸ்வரத்தில் பாதியும்! இத்தனை பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு வர, முன்னால் போகிறவன் எப்படி நிற்பது? நின்றால் பிரேதம் எங்கே என்று கேட்பார்களே! அந்த வெட்கம் முழங்காலுக்கு எண்ணெய் விட்டது. இவ்வளவு பேரையும் தள்ளக் காற்றுக்கும் வலு இல்லை. இறங்குதுறைக்கே போய்ச் சேர்ந்து, கடலைக் காட்டி உண்மையைச் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தால், றோசம்மா செபமாலையைச் சுருட்டிக்கொண்டு, “நாளைக்கும் உந்த நேரம்தானோ? என்ரை இடுப்பு நோ குறைஞ்சிருக்கு” என்றாள். அன்றிலிருந்து தினமும் ஊர்வலம்தான்.

ஆகவே மாடியில் எனக்கென்று போட்ட கட்டிலைக் கழற்றிவிடு. மடுமாதாவின் ஆசீரும் எங்கள் கடற்காற்றில் ஒரு பங்கும் உன்னையும் பிள்ளைகளையும் வந்து சேர்வதாக.

இப்படிக்கு,
தீவின் முதலாம் நடைவேந்தன்,
உன் மாமா யாகப்பர்

பி.கு.: இறங்குதுறைக்குப் போனது சுத்தப் பொய். வஸீர் கடையைப் பூட்டவுமில்லை. எல்லோரும் அவருடைய மரவாங்கில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். ஒவ்வொரு நாளும் அவ்வளவுதான். ஆனால் இன்று இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட வெளிக்கிட்டால், கூட வந்த றோசம்மா தன் மருமகளைப் பற்றிச் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டே வஸீரின் கடையையும் தாண்டி, தபால் பெட்டியையும் தாண்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் முன்னால் கடல்! இறங்குதுறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மேலே உள்ள பொய்யை வெட்டவில்லை, அது இப்போது உண்மை. பெட்டிக்குத் திரும்பவும் நடக்கவேண்டும். கடிதம் பிந்தினால் ஏசாதே.