ஒற்றைப் பல்லுக்கு அடைப்புக்குறி எதற்கு?

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் மாமியாரும் நலம். நீங்களும் மகளும் நலமென்றே நம்புகிறேன்.

ஓய்வு பெற்றும் சும்மா இருக்க முடியாமல் நான் பல் டாக்டரம்மாவின் வரவேற்பு மேஜையில் போய் உட்கார்ந்ததும், நோயாளிகளுக்கு அனுப்பும் கடிதத்தைக் கம்ப்யூட்டரே அடித்துக்கொள்ள நீங்கள் போனிலேயே டெம்ப்ளேட் சொல்லிக்கொடுத்ததும் நினைவிருக்கும். "பட்டியல்னா சதுர அடைப்புக்குறி மாமா. உள்ள ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மேற்கோள், நடுவுல கமா. அது ஒவ்வொண்ணா எடுத்து நம்பர் போட்டு எழுதிரும்" என்றீர்கள். மூன்று பல், நாலு பல் ஆசாமிகளுக்கு அட்சரம் பிசகாமல் செய்தேன். கணக்கு வாத்தியாருக்குப் பிடுங்க வேண்டியது ஒரே ஒரு கடைவாய்ப்பல். ஒத்தைப் பல்லுக்கு எதுக்கு அடைப்பு என்று மேற்கோளை மட்டும் போட்டு அனுப்பித் தொலைத்தேன். அந்தப் பாழாய்ப்போன டெம்ப்ளேட் 'கடைவாய்ப்பல்' என்ற சொல்லையே பட்டியலாக நினைத்து, கானா ஒரு பல், டானா ஒரு பல், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிப் பல் என்று பன்னிரண்டு வரி அடித்துவிட்டது!

நேற்றுக் காலை வாத்தியார் மனைவியோடு வந்து நின்றார். "எனக்கு இருக்கறதே ஒன்பது பல்லு. பன்னெண்டு பிடுங்கணும்னு போட்டிருக்கீங்க. மிச்சம் மூணுக்கு நான் எங்கய்யா போவேன்?"

"போகப்போற பல்லுதானேன்னு மூணு நாளா வேர்க்கடலையா கடிச்சுத் தள்றாருங்க" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

டாக்டரம்மா கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் வாத்தியாரின் வாயைப் பார்த்தார். "கடலை கடிக்கிற பல்லை எதுக்குப் பிடுங்கணும்? அடைச்சு விட்டாலே போதும்" என்றார்.

வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க சரியா எழுதியிருந்தா பேசாம வந்து பிடுங்கிட்டுப் போயிருப்பேன்யா!"

அப்பாடா! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எல்லாவற்றுக்கும் அடைப்புக்குறி போட்டுவிட்டேன். நீங்கள் லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். சொல்லும் பல்லும் உறுதியாக இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டரம்மா கூப்பிட்டார். யாருக்கு என்ன வைத்தியம் என்று நெளிந்த அடைப்புக்குறிக்குள் அகராதி போடச் சொன்னீர்களே, அதில் 'தையல்காரர்' என்று இரண்டு பேரை எழுதிவிட்டேனாம். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அது கடைசியில் உள்ளதை மட்டுமே வைத்துக்கொள்ளுமாம்; பின்னவர் முன்னவரை விழுங்கிவிட்டார். பல் சுத்தம் செய்ய வந்த முதல் தையல்காரர் இப்போது பிடுங்குவதற்கு ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நல்லவேளை, வாய் மரத்துப்போனதால் அவரால் என்னைத் திட்ட முடியவில்லை. மரப்பு தெளிய ஒரு மணி நேரமாகுமாம். அதற்குள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே புறப்பட்டு வாருங்கள்.