தூக்குவாளிக்கு ஊற்றிய குழம்பு

காலை பதினொன்று இருபதுக்கு என் மகள் கயல் என்னை "சார்" என்று கூப்பிட்டாள்.

"சார், நீங்க எந்த டீம்?"

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிற இருபத்தைந்து வயதுப் பெண். விளையாடுகிறாள் என்று நினைத்து, "உன்னைப் பெத்த டீம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியோடு சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் சோடியம் குறைந்து புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள். ஏற்ற வேண்டியதை ஏற்றி, தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த பரிசோதனையில் மறுபடி இறங்கியிருந்தது. "உள்ளே எவ்வளவு உப்பு போகுதுன்னு முதல்ல தெரியணும்" என்ற டாக்டர், எங்கள் வீட்டுக்குத் தூக்குவாளி மேடத்தை அனுப்பிவைத்தார்.

தஞ்சாவூரைச் சுற்றித் தூக்குவாளி மேடம் சாப்பாடு வாங்கிப் போகாத தெருவே கிடையாது. அதில் ஒரு பருக்கையைக்கூட அவர் வாயில் போட்டதும் கிடையாது. உணவு ஆலோசகர். ஸ்கூட்டரில் முன்னால் எவர்சில்வர் தூக்குவாளி தொங்கும். நோயாளியின் தட்டில் ஒரு கரண்டி விழுந்தால் வாளியிலும் ஒரு கரண்டி விழ வேண்டும். தட்டில் மிச்சம் வைத்தால் வாளியிலிருந்தும் அதே அளவு எடுத்துவிட வேண்டும். அப்புறம் அந்த வாளி ஆய்வகத்துக்குப் போகும். அங்கே எல்லாவற்றையும் அரைத்து, எரித்துச் சாம்பலாக்கி, சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று அளப்பார்கள்.

"இவ்வளவு பாடு எதுக்குங்க? என்ன சாப்பிட்டேன்னு கேட்டா சொல்லிடப் போறா" என்றேன்.

"கேட்டா யாருமே வடை சாப்பிடலைன்னுதான் சார் சொல்றாங்க. ஆனா சாயங்காலம் எந்தக் கடையிலயும் வடை இல்லையே!"

ஒரு தடவை மேடம் நன்னிலத்தில் ஒரு கல்யாணத்துக்கு, சிறுநீரகக் கோளாறு உள்ள ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரின் பின்னாலேயே போனாராம். பந்தியில் அவர் பக்கத்தில் தனி இலை போட்டு வாளியை உட்காரவைத்தார். பரிமாறுகிறவர் மிரண்டுபோய், "அம்மா, வாளி பாயசம் சாப்பிடுமா?" என்று கேட்டார்.

"சார் சாப்பிட்டா அதுவும் சாப்பிடும்."

ஹெட்மாஸ்டர் வெட்கப்பட்டு இலையை மூடப் பார்த்தார். மேடம் விடவில்லை. "எனக்காகக் குறைச்சு சாப்பிட்டா என் வேலை கெட்டுப்போயிடும். வழக்கம்போல வெளுத்துக் கட்டுங்க சார்!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினாராம்.

எங்கள் வீட்டில் வாளியை என் மனைவியே நிரப்பித் தந்தாள். அது போதாதென்று மேடம் எங்களிடம் கறுப்பு பிளாஸ்டிக் கேன் ஒன்றும் கொடுத்தார். ஒரு நாள் முழுக்கக் கயலின் சிறுநீர் ஒரு சொட்டு சிந்தாமல் அதில் சேர வேண்டும். தின்ற உப்பு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியே வருமாம். நிறைந்த கேனைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், செக்கு எண்ணெயா?"

"ஆமாங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"அடுத்த தடவை நமக்கும் ரெண்டு லிட்டர் சொல்லிடுங்க."

முடிவு வந்தபோது அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. வாளியில் உப்பு தாராளமாக இருந்தது. கேனில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. "சாப்பிடுற உப்பு எங்க போகுதுன்னு தெரியலை. வேற ஏதாவது பெரிய கோளாறான்னு பார்க்கணும். சென்னைக்குக் கூட்டிட்டுப் போறது நல்லது" என்றார் டாக்டர். என் மனைவி சுமதி அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கண்ணை மூடினால் "நீங்க எந்த டீம்?" என்பதுதான் கேட்டது.

மேடம் மட்டும் அசையவில்லை. "கேன் பொய் சொல்லாது. வாளி மேலதான் எனக்குச் சந்தேகம். சென்னைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மத்தியானம் குடுங்க டாக்டர்" என்றார்.

மறுநாள் மத்தியானம் எங்கள் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கயல் தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் விழுந்தன. சுமதி வாளிக்கும் அதே கரண்டியால் அதே அளவுதான் ஊற்றினாள். ஆனால் வேறு பாத்திரத்திலிருந்து.

மேடம் எழுந்தார். கயலின் தட்டில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு வாளிக் குழம்பை ருசி பார்த்தார். அத்தனை வருட விரதம் எங்கள் வீட்டில் முறிந்தது.

"சுமதிம்மா, இது என்ன ரெண்டு குழம்பு?"

சுமதி முந்தானையைப் பிடித்துத் திருகினாள். "அவருக்கு பிரஷர் வந்ததிலேருந்து வீட்ல உப்பே கிட்டத்தட்ட போடுறதில்லைங்க. அந்தச் சப்புன்னு இருக்கிறதைப் போய் வெளியாளுங்களுக்கு எப்படிங்க குடுத்தனுப்புறது? நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க? அதான் வாளிக்குன்னு தனியா..."

"எரிச்சுச் சாம்பலாக்கப் போறதுக்கு இவ்வளவு உபசாரமா!"

"நீ என்னடி, உப்பில்லாம ஏன் தின்னே?" என்று நான் கயலைக் கேட்டேன். உப்பில்லாச் சமையல் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க மட்டும் ஏம்ப்பா தனியா அதைச் சாப்பிடணும்?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் சிணுங்கியது. மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்கச் சொல்லும் செயலி. கயல் சொன்னபடி கேட்கிற பெண், சொம்பை எடுத்தாள். மேடம் அதைப் பிடுங்கி வைத்தார். "சென்னையும் வேணாம், ஒண்ணும் வேணாம். உப்பும் இல்லாம, மேல மேல தண்ணியும் ஊத்தினா ரத்தம் என்னத்துக்கு ஆகும்? சார், உங்களுக்குச் சொன்னது உப்பைக் குறைக்க. குடும்பத்தோட துறக்க இல்ல!"

டாக்டர் சொன்ன அளவுக்கு உப்பு திரும்பி வந்தது. செயலி போனது. அடுத்த பரிசோதனையிலும், அதற்கடுத்ததிலும் கயலின் சோடியம் நிலையாக நின்றது. நான்தான் இன்னும் பதினொன்று இருபது ஆனால் அவள் முன்னால் போய் நின்று, "நான் யாரு சொல்லு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது. கயல்தான் கதவைத் திறந்தாள்.

"அப்பா, இங்க வாங்களேன்! மேடம் வாளி இல்லாம வந்திருக்காங்க!"

தூக்குவாளி மேடம் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு, நேரே மேசையில் போய் உட்கார்ந்தார்.

"சுமதிம்மா, அன்னைக்கு வாளிக்கு ஊத்தினீங்களே ஒரு குழம்பு, ஒரு சொட்டு நாக்குல பட்டதோட சரி. இன்னைக்கு எனக்கு ஊத்துங்க."