எட்டுக்குள் ஒரு பிள்ளையார்

லைசென்ஸ் நாடு முழுக்க ஒன்றுதான். அதற்கு வைக்கும் டெஸ்ட்தான் ஊருக்கு ஊர் வேறு. இந்தச் சின்ன விஷயம் புரியாமல் நான் காஞ்சிபுரத்தில் பட்ட அவமானம் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. காலை ஷிப்டுக்குத் தோதான பஸ் இல்லை. ஸ்கூட்டரில் போனால் கேட்டிலேயே லைசென்ஸ் கேட்பார்கள். திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. பெங்களூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரரிடம் போனில் யோசனை கேட்டேன். (புத்தி கெட்டுப்போனால் இப்படித்தான்.)

"எட்டு கிட்டுலாம் அந்தக் காலம்மா. நேரா போவணும், கை சிக்னல் காட்டணும், திரும்பி வரணும். எனக்கு அவ்ளோதான் வெச்சாங்க," என்றார் மாமா.

"இங்க எட்டுதாண்டி போடச் சொல்றாங்களாம்," என்றாள் அம்மா.

"மாமா பெங்களூர்ல இருக்காரும்மா. அவருக்குத் தெரியாதா?"

ஐயம்பேட்டை ரோட்டில் நேராகப் போய்ப் போய்க் கை காட்டிப் பழகினேன். என் கையைப் பார்த்து ஷேர் ஆட்டோக்காரர்கள்தான் நிறுத்தி, "ஏறும்மா" என்றார்கள்.

டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் தரையில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி, "கால ஊனாம எட்டு போடுமா" என்றார். நான் பழகியதெல்லாம் நேர் ரோடுதான். ஆனாலும் முதல் வளையத்தை ஒருவழியாக முடித்தேன். இரண்டாவது வளையத்தை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். அதன் நடுவில் ஓர் அரசமரம், அடியில் மாலை போட்ட பிள்ளையார்!

பிறந்ததிலிருந்து கோயிலை வலமாகவே சுற்றி வளர்ந்த தறிக்காரர் வீட்டுப் பெண் நான். கை தானாகத் திரும்பியது. கோட்டை விட்டு விலகி, பிள்ளையாரை அழகாக வலம் வந்தேன். அதோடு விட்டேனா? ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன். வண்டி சரிந்து, நான் சாமி காலடியிலேயே போய் உட்கார்ந்தேன்.

"எட்டு போடச் சொன்னா பிரதட்சணம் பண்ணிக்கினு இருக்கியேமா!"

"சாமிய எப்படி சார் இடமா சுத்தறது?"

"சாமி கோச்சிக்க மாட்டாரு, நான்தான் கோச்சிப்பேன். அடுத்த வாரம் வா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போய்விடுமே என்ற பயம் வேறு. கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகுதான் தெரிந்தது, மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்ததும், "சாமி கும்பிட்டாச்சாமா?" என்றார். "முன்னாடியே கும்பிட்டுட்டேன் சார்," என்றேன். பாஸ்! வேலையும் தங்கியது.

பாவம், மாமாதான் மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் விருந்துக்கு வந்து, ரசத்துக்குக் கொஞ்சம் வெல்லம் போட்டால் நன்றாக இருக்கும் என்று வாயைத் திறந்தால் போதும், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மரியாதையாக வரும்:

"இது எந்த ஊரு ரூல்ஸுங்க மாப்ள?"