வண்டியம்மனின் புதுத் தொண்டை

"எந்தா ஆவுடே, நாவை வீட்டில் வச்சிட்டு வந்நோ?"

எட்டாம் வகுப்பில் மலையாளம் எடுத்த டீச்சர் கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. ஆவுடையம்மாள் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சுக்குக் கிடங்கில், சுக்கு தரம் பிரிக்கும் பெண்களின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். சுக்கு யாரையும் கேள்வி கேட்காது.

இது நடந்து சில வருஷங்களுக்குப் பிறகு, எண்பத்து மூன்றில், அதே ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் பேச ஆரம்பித்தது. ஒரு பெண் பேசாமலிருந்தால் சிரிக்கிற ஊர், மோட்டார் சைக்கிள் பேசியதும் விழுந்து கும்பிட்டது.

பேசியது சாதாரண வண்டி இல்லை. மஞ்சள் பூசிய புல்லட். ஹெட்லைட்டில் தட்டு அகலக் குங்குமப் பொட்டு. ஹேண்டில்பார் முழுக்க வேப்பிலை. பெட்ரோல் டாங்கியின் மேல் சிவப்புப் பட்டு. டாங்கிக்குள்தான் வண்டியம்மன் குடியிருந்தாள். அவளுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று ஊர் ஊராக அவளைச் சுமந்துகொண்டு வந்து, இதற்கு மேல் கடல்தான் என்பதால் மட்டாஞ்சேரியில் நின்றவர் வண்டிச்சாமி. பெற்றோர் வைத்த பெயர் வீரபாண்டி. பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர் அவர் மனைவி சீதாலக்ஷ்மி. அந்த அம்மா மௌன விரதம். பன்னிரண்டு வருஷ விரதமாம். புருஷன் பாக்கியசாலி என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள்.

படகுத் துறைக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த கிடங்கின் முற்றத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அருள்வாக்கு. கல்யாணம் ஆகவேண்டியவர்கள் ஒரு வரிசை, சீக்குக்காரர்கள் ஒரு வரிசை, பொருளையோ ஆளையோ தொலைத்தவர்கள் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை பேர்தான் என்று கணக்கு. அதற்கு மேல் போனால் அம்மனுக்கு அசதி. மௌன அம்மா கையசைத்தே ஆட்களைப் பிரித்து நிறுத்துவாள். முதலில் கல்யாணம், அடுத்து சீக்கு, கடைசியில் காணாமற்போனவை. முறை வந்தவர் மணியை அடித்துவிட்டு ஹெட்லைட்டைத் தொட்டு, மனசுக்குள் கேட்டால் போதும். வண்டிமேல் கண்மூடி உட்கார்ந்திருக்கும் சாமி உடம்பை ஓர் உலுக்கு உலுக்குவார். உடனே அம்மன் பேசுவாள்.

அம்மன் பேசியது செந்தமிழ். கேட்டவர்களோ, தாத்தா காலத்தில் தென்காசியிலும் திருநெல்வேலியிலும் இருந்து வந்து, சாயா குடித்து, கப்பைக் கிழங்கு தின்று, மலையாளப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்கள். பாதி புரியவில்லை. போதாக்குறைக்கு வண்டியில் இருந்தது ஒரு பழைய ஒற்றை ஸ்பீக்கர். அது தகரத்தில் மழை பெய்த மாதிரி கரகரத்தது. மிச்சப் பாதியும் புரியவில்லை. இப்படி ஒரு சொல்கூட விளங்காததால் எல்லாம் அப்படியே பலித்தது. புரியாததில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில் நம் சனங்களுக்கு யாரும் இணை கிடையாது.

பின்வரிசைக்காரர்களுக்கு அந்தக் கரகரப்புகூடக் கேட்கவில்லை. அதனால் ஆனி மாதக் கடைசி வெள்ளியில் சாமி கண் திறக்காமலே அறிவித்தார். அம்மனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆடி வெள்ளிக்குள் புதுத் தொண்டை வைக்கவேண்டும்.

சளி பிடிக்கும் தெய்வம் என்று ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. அம்மா மாயம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள்.

மாயம்மாளுக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை. இளையவள் பாக்கியத்துக்கு ஆறு வயது. மழை தொடங்கியதிலிருந்து இடது காதில் சீழ் வடிந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, வாரம் தவறாமல் கூட்டிவரச் சொல்லியிருந்தார். விட்டுவிட்டால் கேட்காமலே போய்விடும் என்றும் எச்சரித்திருந்தார். மருந்து விட்ட நாட்களில் சீழ் குறையத்தான் செய்தது. ஆனால் வண்டிச்சாமி வந்து அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். புதுத் தொண்டை வந்ததும் அதன் ஒலிபெருக்கிக் குழாய் வாயில் பிள்ளையின் காதை வைத்தால், அம்மன் உள்ளே நேராகப் பேசிக் குணமாக்குவாளாம். அந்தத் தொண்டைக்கு மாயம்மாள் கொடுத்த காணிக்கை, பாக்கியத்தின் காதிலிருந்த கம்மல். காது குணமாகக் காதையே மொட்டையாக்கியாயிற்று.

ஆவுடை ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் சொட்டு மருந்தை எடுத்தாள். மாயம்மாள் பாட்டிலைப் பிடுங்கி உத்திரத்தில் சொருகினாள்.

"மருந்தும் வாக்கும் ஒரு காதுல தங்காதுன்னு சாமி சொல்லியிருக்கு. நீ மிண்டாம இரு."

மிண்டாமல், வாய் திறக்காமல் இருப்பதில் ஆவுடைக்குப் பழக்கம் உண்டு. ஆனால் அன்று மாலை, இடது பக்கம் நின்று இவள் கூப்பிட்டபோது பாக்கியம் திரும்பவே இல்லை. தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டே இருந்தாள். மறுபக்கம் போய்க் கூப்பிட்ட பிறகுதான், "எந்தா அக்கா?" என்று நிமிர்ந்தாள்.

இதற்கிடையில் புல்லட், முகமது இஸ்மாயிலின் மைக் செட் கடைக்குப் போயிருந்தது. இஸ்மாயில் தொழிலில் கெட்டிக்காரர். வண்டிக்குள் அம்மன் இருக்கிறாளா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லமாட்டார். வாடிக்கை முக்கியம். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்ற ஆம்ப்ளிஃபையரைப் பக்கப் பெட்டியில் பொருத்தினார். கால் காப்புக் கம்பியின் இருபுறமும் இரண்டு ஸ்பீக்கர், பின் கேரியரில் பித்தளை நிறத்தில் ஒரு பெரிய குழாய், இதற்கெல்லாம் தனியாக ஒரு பாட்டரி. கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்க இரண்டு திருகுகள். சாமி வாயைப் பிளந்து பார்த்தார்.

"இனி அம்ம தும்மினாலும் தூரத்துத் தோப்பும்படிக்காரன் கேக்கும் சாமி," என்றார் இஸ்மாயில்.

தும்மினாலும் கேட்கும் என்றால் வேறு என்னவெல்லாம் கேட்கும் என்று சாமி யோசித்திருக்கலாம். யோசிப்பது அவர் தொழிலுக்கு ஆகாத காரியம். தான் செய்தால் பிறருக்கும் தொற்றிக்கொள்ளும் என்று பயமோ என்னவோ.

ஆவுடை யோசித்தாள். சுக்கைத் தரம் பிரிக்கும்போது கைக்கு வேலை உண்டு, தலைக்குக் கிடையாது. முழு விரல் சுக்கு ஒரு குவியல், உடைந்தது ஒரு குவியல், புழு அரித்தது ஒரு குவியல். மூட்டைகளை அதே வரிசையில் அடுக்கவேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரி குதிப்பான். காரணம், மூட்டையைத் தைத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. அடுக்கை வைத்துத்தான் கண்டுபிடிப்பான். உள்ளே பார்க்கத் தெரிந்தவனுக்கு அடுக்கு எதற்கு?

அவள் கை நின்றது. மனசுக்குள் கேட்டாலே தெரிந்துகொள்கிற அம்மனுக்கு வரிசை எதற்கு? கல்யாணக்காரி நடுவில் ஒரு சீக்குக்காரன் வந்து நின்றால் அவளுக்குத் தெரியாதா?

ஆடி முதல் வெள்ளி. மழை விட்டிருந்தது. முற்றம் கொள்ளாத கூட்டம். இடக்கொச்சியிலிருந்து படகு பிடித்து வந்திருந்தார்கள். மௌன அம்மா பின்னால் தேங்காய் பழத் தட்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கைகளைக் காற்றாடி மாதிரி சுற்றி ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பின் கேரியர் குழாய்க்கு மாலை போட்டிருந்தது. குழாய் வாயளவுக்கு ஒரு ஸ்டூல். பாக்கியத்துக்காக.

காணாமற்போன வரிசையின் முன்னால் பிச்சை நின்றார். பஜாரில் கைவண்டி இழுப்பவர். அந்தக் கைவண்டியைத்தான் காணோம். ஆவுடை அவர் பக்கத்தில் போய் நின்றாள். வார்த்தை வரும்வரை அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, கல்யாண வரிசைக்கு முன்னாடி போய் மணி அடிங்க."

"எனக்கெந்தினா மோளே கல்யாணம்? எனக்கு வண்டி கிட்டினா மதி, அது போதும்."

"அம்மனுக்கு மனசுல உள்ளது அறியும்ல? எங்க நின்னாலும் வண்டியைப் பத்தித்தானே சொல்லும்?"

பிச்சை கொஞ்சம் யோசித்தார். பிறகு, அது சரிதான் என்று தலையாட்டிவிட்டு நடந்தார். முன்னால் நின்ற மாப்பிள்ளை தேடும் பெண்களை விலக்கி மணியை அடித்தார். நரைத்த மீசை ஹெட்லைட்டில் உரசும்படி குனிந்து கும்பிட்டார்.

சாமி கண்மூடி உலுக்கினார். வேப்பிலைக்குள் கட்டைவிரல் எதையோ அழுத்தியது. புதுத் தொண்டை திறந்தது.

முதலில் வந்தது ஒரு விசில். நீளமாக, தெளிவாக, கிடங்குச் சுவரில் மோதித் திரும்பியது. பழைய ஸ்பீக்கரில் ஒருநாளும் கேட்காத சத்தம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மன் சீறுகிறாள் என்றார் ஒருவர். "எங்க வீட்டு குக்கர் மாதிரியாக்கும் இருக்கு," என்று ஒரு பெண் முணுமுணுத்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளை முறைத்தார்கள்.

"கலங்காதே மகளே," என்றாள் அம்மன், கணீரென்று. "ஆவணி பிறந்ததும் உன் கழுத்தில் மணமாலை விழும். மஞ்சள் பூசிக் குளித்து மங்கலமாய் இரு."

பிச்சை தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தான். சிரிப்பு பரவுமுன் கல்யாணராமன் கையை உயர்த்தினார். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பட்டதாரி. பெண்ணுக்கு வரன் கேட்க வந்திருந்தார். அம்மன் வாக்கை மேலோட்டமாக எடுக்கக்கூடாது என்று விளக்கினார். ஜீவாத்மாதான் மகள். கைவண்டிதான் மணவாளன். இரண்டும் ஆவணியில் சேரும். மஞ்சள் குளியல் என்பது மனச்சுத்தி. படித்தவர் சொன்னால் கேட்கவேண்டியதுதான் என்று கூட்டம் அடங்கியது. ஒரு பொய்யைச் சொல்ல ஒரு சாமி போதும். அதற்கு அர்த்தம் சொல்லிக் காப்பாற்றத்தான் பட்டம் வேண்டும்.

ஆவுடை பாக்கியத்தின் கையைப் பிடித்தாள். சீக்கு வரிசையிலிருந்து மாயம்மாள் பதறிக் கூப்பிட்டது கேட்டது. அவள் திரும்பவில்லை. நேரே போய்ப் பிள்ளையை ஹெட்லைட்டுக்கு முன் நிறுத்தினாள். பாக்கியம் எட்டி மணியை அடித்தாள்.

சாமிக்கு மணி கேட்டது. கட்டைவிரல் அழுத்தியது.

"பொறுத்திரு மகளே. முதல் தாரம் இறந்தவன் என்று தயங்காதே. அந்த மாப்பிள்ளையே உனக்கு உகந்தவன். அடுத்த ஆண்டு உன் மடியில் ஆண் குழந்தை."

முன்பல் விழுந்த வாயோடு பாக்கியம் அக்காவைப் பார்த்தாள். அவளுக்குப் பாதிதான் கேட்டது. அந்த மட்டும் நல்லது.

கல்யாணராமன் வாயைத் திறந்தார், மூடினார். இதற்கு ஜீவாத்மா கிடைக்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து தட்டுகளைத் தள்ளிக்கொண்டு ஒரு குரல் பாய்ந்து வந்தது.

"யாருடி அது, சீக்குக்காரிய கல்யாணத்துல கொண்டு நிறுத்துனது? வரிசை மாறக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

அதே குரல். அதே கணீர். செந்தமிழ் மட்டும் இல்லை. பழைய ஸ்பீக்கராக இருந்தால் யாருக்கும் அடையாளம் தெரிந்திருக்காது. இஸ்மாயிலின் கைவண்ணத்தில் அம்மன் குரல் இப்போது அத்தனை பேருக்கும் மனப்பாடம். எல்லாத் தலையும் திரும்பியது. மௌன விரத சீதாலக்ஷ்மி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சாமி கண்ணைத் திறந்தார். பயத்தில் விரல் இன்னொரு முறை அழுத்திவிட்டு வேப்பிலையை விட்டு நழுவியது. நிறுத்த ஆளில்லாத டேப் தன்பாட்டில் ஓடியது. இன்னொரு விசில். அடுப்பை அணைக்கும் சத்தம். அம்மன் கேட்டாள்: "அடுத்தது சீக்கா, காணாமப் போனதா?" வண்டிச்சாமியின் சொந்தக் குரல், இருபுற ஸ்பீக்கரிலும் பின் குழாயிலும் கனம் குறையாமல் பதில் சொன்னது: "சீக்கு. கொஞ்சம் இழுத்துச் சொல்லு, பயப்படட்டும்."

தோப்பும்படி வரை கேட்டதோ இல்லையோ, முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

பிச்சைதான் முதலில் அசைந்தார். டாங்கியின் பட்டை விலக்கி, அடியில் ஒளித்து வைத்திருந்த பிளேயரிலிருந்து காசெட்டைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினார். அம்மன் உள்ளங்கையில் அடங்கினாள். பிறகு நடந்த தள்ளுமுள்ளில் வேப்பிலை தெருவெங்கும் சிதறியது. சாமி சாவியைத் தேடினார். அதைக் கூட்டம் முன்பே தேடி எடுத்திருந்தது. ஜனங்கள் சீதாலக்ஷ்மியைப் பேசச் சொன்னார்கள். இப்போதுதான் அந்த அம்மா உண்மையிலேயே மௌன விரதம் பிடித்தாள்.

கல்யாணராமன் மட்டும், தனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெய்வம் பேசுமா, பேசாதா என்பதைப் பெரியவர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். எது பேசினாலும், நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு விழுந்து கும்பிடுவதில் குற்றமில்லை. இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. சுக்கு பொறுக்குகிறவளுக்கும் பட்டதாரிக்கும் அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. காணிக்கை போடும்போது அதையும் சேர்த்துப் போட்டுவிடக்கூடாது.

மாயம்மாள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடி அந்தப் பெரிய குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் காதை அதில் வைக்க இருந்தாள். கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள் அவளைச் சமாதானப்படுத்த வந்தார்கள். ஆவுடை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திட்டு விழும் என்று நினைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள்.

மாயம்மாள் பாக்கியத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். முந்தானை நுனியால் அந்த இடது காதை மெல்லத் துடைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள்.